நாலு வயதில் எழுதும் ஜாதகம்

பெயர் வைக்க நட்சத்திரம் பார்க்காத குடும்பங்கள் இங்கே இன்னும் இருக்கின்றன. ராகுகாலத்தில் கல்யாணம், எமகண்டத்தில் புதுமனை. பிள்ளைக்கு ஜாதகம் கணிக்கமாட்டோம் என்று மாமியாரிடம் மல்லுக்கு நின்று ஜெயித்தவர்கள். மதிக்கத்தக்கவர்கள். அந்த வீட்டுப் பாப்பா எல்.கே.ஜி.யில் சேர்ந்து மூன்று மாதம் ஆகட்டும், பள்ளியிலிருந்து வழவழவென்று ஓர் அட்டை வரும். அதைக் கையில் வைத்துக்கொண்டு அதே பகுத்தறிவாளர் சொல்வார்: "மேத்ஸ்ல கொஞ்சம் வீக்கா இருக்கா. அவங்க அம்மா மாதிரி." பாப்பாவுக்கு வயது மூன்றே முக்கால்.

இதை நான் ஜாதகம் என்றுதான் சொல்வேன். கட்டம் போட்டிருக்கிறது. கட்டத்துக்குள் ஒற்றை எழுத்து இருக்கிறது. அந்த எழுத்தைப் பார்த்துப் பெரியவர்கள் பிள்ளையின் எதிர்காலத்தைச் சொல்கிறார்கள். குறை எந்த வம்சத்திலிருந்து வந்தது என்றும் சேர்த்தே சொல்கிறார்கள். பரிகாரமும் உண்டு. சாயங்காலம் ஐந்து மணிக்கு டியூஷன்.

பிறந்த நேரம் யாருடைய தலையெழுத்தையும் தீர்மானிக்காது என்று மேடையில் பேசுகிறோம். சரிதான். ஆனால் பிறந்த தேதி எல்.கே.ஜி. அட்டையைத் தீர்மானிக்கிறது. சனி பகவானுக்கு இதில் வேலை இல்லை, பள்ளிச் சேர்க்கையின் கட்-ஆஃப் தேதிக்குத்தான் வேலை. தமிழ்நாட்டில் ஜூலை 31 கணக்கு. ஓர் ஆண்டு ஆகஸ்ட் முதல் வாரம் பிறந்த பிள்ளையும் மறு ஆண்டு ஜூலைக் கடைசியில் பிறந்த பிள்ளையும் ஒரே வகுப்பில் உட்காருவார்கள். நாற்பது வயதுக்காரர்களுக்கு நடுவே ஓராண்டு வித்தியாசத்தை யாரும் கவனிப்பதில்லை. மூன்று வயதுப் பிள்ளைக்கு அது வாழ்ந்த வாழ்க்கையில் மூன்றில் ஒரு பங்கு. மூத்தது 'ப்ரைட்', இளையது 'ஸ்லோ' என்று அட்டை சொல்லும். அது காலண்டரைப் பார்த்து எழுதியதுதான்.

காலண்டரின் வேலை நோய்ப்பெயர் வரைக்கும் போகும். அமெரிக்காவில் செப்டம்பர் 1 கட்-ஆஃப் உள்ள மாநிலங்களில், வகுப்பிலேயே சின்னவர்களான ஆகஸ்ட் பிள்ளைகளுக்கு, செப்டம்பர் பிள்ளைகளைவிட 34 சதவீதம் அதிகமாக ஏ.டி.எச்.டி. என்ற கவனக்குறைபாட்டு முத்திரை விழுந்திருந்தது. 2018இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வு அது. அந்தக் கட்-ஆஃப் இல்லாத மாநிலங்களில் ஆகஸ்டுக்கும் செப்டம்பருக்கும் சொல்லத்தக்க வித்தியாசமே இல்லை. ஒரு மாதம் முன்னால் பிறந்ததற்காக மாத்திரை விழுங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று இதற்கு அர்த்தம். செவ்வாய் தோஷம் இதைவிடப் பெரிய மூடநம்பிக்கையா என்ன?

சரி, அட்டையில் உள்ள கட்டங்களையாவது பார்ப்போம். 'ஹேண்ட் ரைட்டிங்: சி.' மனித மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் இருக்கின்றன. மூன்று வயதுப் பிள்ளையின் கையை எக்ஸ்ரே எடுத்தால் அதில் மூன்று நான்கு தெரிந்தாலே அதிகம். மற்றவை இன்னும் குருத்தெலும்பு, படத்தில் விழாது. கடைசி எலும்பு தெரியத் தொடங்கவே எட்டுப் பத்து வயதாகும். இந்தக் கையில்தான் நாலு கோடு நோட்டைக் கொடுத்து, கோட்டைத் தொடு, கோட்டைத் தாண்டாதே என்கிறோம். தாண்டினால் சி.

கணக்கு வீக் என்றவருக்கு ஒரு வேலை. வீட்டில் ஆறு புளியங்கொட்டையை ஒரு வரிசையாக வையுங்கள். அதற்கு நேர் எதிரே இன்னும் ஆறு. "ரெண்டும் சமமா?" "சமம்." பிள்ளையின் கண்ணெதிரே கீழ் வரிசையைக் கொஞ்சம் அகலமாகப் பரப்பிவிட்டு மறுபடி கேளுங்கள். நாலு வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் பரப்பிய வரிசையைக் காட்டி, "இதுல நெறைய இருக்கு" என்பார்கள். ஆறு வரை பிழையில்லாமல் எண்ணத் தெரிந்த பிள்ளையே இப்படிச் சொல்லும். சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே இதைப் போன்ற சோதனைகளை வைத்துத்தான் சின்னப் பிள்ளையின் சிந்தனை பெரியவர் சிந்தனையின் குட்டிப் பிரதி அல்ல என்று காட்டினார். ஆறேழு வயதானதும் அதே பிள்ளை "இதென்ன கேள்வி?" என்று நம்மை ஏற இறங்கப் பார்க்கும்.

இதற்கு ஒரு பின்கதை உண்டு, எனக்கு அதுதான் முக்கியம். 1970களில் எடின்பரோவில் மார்கரெட் டொனால்ட்சனும் அவருடைய சகாவும் இந்தச் சோதனையை ஒரே ஒரு மாற்றத்தோடு செய்து பார்த்தார்கள். வரிசையைப் பெரியவர் கலைக்கவில்லை. குறும்புக்காரக் கரடி பொம்மை ஒன்று பெட்டியிலிருந்து குதித்து வந்து கலைத்தது. இப்போது ஏராளமான பிள்ளைகள் "சமம்தான்" என்று சொல்லிவிட்டார்கள். பெரியவர் தானே கலைத்துவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்டால், முன்பு சொன்ன பதில் தப்பு போலிருக்கிறது, வேறு சொல்ல வேண்டும் என்று பிள்ளை நினைக்கிறது. கொட்டையை விட்டுவிட்டு நம் முகத்தைப் படிக்கிறது. எல்.கே.ஜி. டெஸ்டில் பாதி நேரம் அளக்கப்படுவது மிஸ்ஸின் முகத்தைப் படிக்கும் திறமை. அதற்குப் போட்ட மார்க்கைக் கணக்கு மார்க் என்று சட்டம் போட்டு மாட்டுகிறோம்.

அளப்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை. அளவுகோல் எதற்காகப் பிறந்தது என்று பாருங்கள். பிரான்சு அரசு 1904இல் ஒரு குழு போட்டது: வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளை எப்படிக் கண்டுபிடித்து உதவுவது? ஆல்ஃபிரட் பினே, தெயோடர் சிமோன் இருவரும் 1905இல் ஒரு கேள்விப் பட்டியல் தயாரித்தார்கள். உதவி தேவைப்படும் பிள்ளையைத் தவறவிடக்கூடாது என்பதற்கான பட்டியல் அது. புத்தி என்பது பிறவியிலேயே அளந்து ஊற்றிய சரக்கு, அதைக் கூட்ட முடியாது என்று பேசியவர்களை பினே கடுமையாகவே எதிர்த்து எழுதினார். 1911இல் செத்துப்போனார். பட்டியலோ அதற்கு முன்பே கப்பலேறி அமெரிக்கா போயிருந்தது. ஹென்றி கோடார்ட் என்பவர் அதை வைத்துக்கொண்டு நியூயார்க் எல்லிஸ் தீவில் கப்பலைவிட்டு இறங்கிய ஏழைக் குடியேறிகளைச் சோதித்து, தான் சோதித்த யூதர், இத்தாலியர், ரஷ்யர் ஆகியோரில் ஐந்தில் நாலு பேர் மந்தபுத்தி என்று 1917இல் எழுதினார். பல நாள் கப்பலில் வந்து களைத்துப் போனவர்கள். பலர் பள்ளிக்கூடமே பார்க்காதவர்கள். உதவி செய்யப் பிறந்த காகிதம் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வடிகட்டியாக மாறிவிட்டது. நம் பள்ளிகளில் அட்மிஷனுக்கு முன் மூன்று வயதுப் பிள்ளையிடம் "வாட் கலர் இஸ் திஸ்?" என்று கேட்கும் அறைக்கும் எல்லிஸ் தீவுக்கும் வம்சத் தொடர்பு உண்டு.

கோடார்டாவது அதை விஞ்ஞானம் என்று நம்பினார். நம் ஊரில் விற்பவர்கள் அதைக்கூட நம்புவதில்லை. டி.எம்.ஐ.டி. என்று ஒன்று வந்திருக்கிறது. பிள்ளையின் பத்து விரலையும் ஸ்கேனரில் வைத்து அழுத்துவார்கள். சில நாளில் கலர் கலராக ஒரு புத்தகம் வரும். மூளைப் படம், வட்ட வரைபடம், இத்தனை சதவீதம் இசை, இத்தனை சதவீதம் கணக்கு. சில ஆயிரம் ரூபாய். பள்ளிகளே அரங்கத்தைக் கொடுத்து நடத்த விடுகின்றன. ஹோவர்ட் கார்ட்னர் 1983இல் எழுதிய பல்வகை அறிவுக் கொள்கையின் பெயரைச் சொல்லித்தான் வியாபாரம். இதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று அவரே கைகழுவிவிட்டார். விரல்ரேகை தாயின் வயிற்றிலேயே முடிந்துபோன விஷயம். அதைப் பார்த்து, பிள்ளை வயலின் கற்குமா ஆடிட்டர் ஆகுமா என்று சொல்வது கைரேகை ஜோசியம்தான். இந்த ஜோசியருக்கு யூ.எஸ்.பி. வயர் கூடுதல். கோயில் வாசல் ஜோசியர் நேர்மையானவர், தான் ஜோசியர் என்று போர்டு வைத்திருக்கிறார்.

அதைவிடக் கேவலம் 'மிட்பிரெய்ன் ஆக்டிவேஷன்'. கண்ணைத் துணியால் கட்டிவிட்டால் பிள்ளை நிறம் சொல்லும், எழுத்துப் படிக்கும். மூக்கோரத்தில் இருக்கும் இடுக்கு வழியாகப் பார்க்கிறது, அவ்வளவுதான். அட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தால் ஆட்டம் குளோஸ். மங்களூரின் நரேந்திர நாயக் போன்ற பகுத்தறிவாளர்கள் இதை மேடைக்கு மேடை உடைத்துக் காட்டியிருக்கிறார்கள். பணம் போனது போகட்டும். அந்தப் பிள்ளைக்குத் தான் எட்டிப் பார்த்தது தெரியும். அப்பா கைதட்டுகிறார், அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். பொய் சொன்னால் இந்த வீட்டில் பாசம் கிடைக்கும் என்ற முதல் பாடத்தை, காசு கொடுத்துக் கற்றுத் தருகிறோம்.

"அதான் நாங்க பிள்ளைய ஃப்ரீயா விட்டுட்டோம்" என்று இப்போது தலையாட்டுகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். உங்கள் கணக்கு இன்னும் தீரவில்லை.

ஒரு வீட்டில் இரண்டரை வயதாகியும் பேரன் பேசவில்லை. "இவங்கப்பனும் மூணு வயசுலதான் வாயத் தொறந்தான்" என்கிறார் ஆத்தா. வசம்பை விளக்கில் சுட்டு உரசி நாக்கில் தடவுகிறார்கள். ஊர்க் கோயிலுக்கு வேண்டுதல் போகிறது. பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் நின்று ஒரு தட்டைத் தட்டி, திரும்புகிறானா என்று பார்க்க அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நாக்கில் கோளாறு இல்லை, காது கேட்கவில்லை. மொழி பதியும் வயது முதல் சில ஆண்டுகள்தான். தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில், காதுக்குள் கருவி பொருத்தும் காக்ளியர் இம்ப்ளாண்ட் சிகிச்சை செய்கிறார்கள், ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கு. ஏழாவது வயதில் ஆஸ்பத்திரிக்கு வரும் பிள்ளையிடமிருந்து காலத்தைத் திருடியது யார்? வில்லன் யாருமில்லை. பாசமான குடும்பம். கவனிக்காத பாசம் செய்யும் கொடுமையை, வெறுப்பு கூடச் செய்வதில்லை.

ஆகவே கவனித்து எழுதிவைக்கத்தான் வேண்டும். எப்படி? நல்ல உதாரணங்கள் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையத்தில் 1990களின் தொடக்கத்தில் உருவான படம் ஒன்று இருக்கிறது. பிறந்ததிலிருந்து இரண்டு வயது வரைக்குமானது. ஒரே பக்கம், 17 செயல்கள்: சிரிப்பது, தலை நிற்பது, உட்காருவது, நடப்பது. பிள்ளையின் வயதுக்கு நேராக ஒரு பென்சிலை நிமிர்த்தி வைக்க வேண்டும். பென்சிலுக்கு இடப்பக்கம் முடிந்துபோன எந்தச் செயலையாவது பிள்ளை இன்னும் செய்யவில்லை என்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை. பக்கத்து வீட்டுப் பிள்ளை அதில் வராது. 'எக்ஸலெண்ட்' என்று ஒரு கட்டமும் கிடையாது.

அங்கன்வாடி எடைக் கணக்கும் இதே சாதிதான். (சாதி என்ற சொல்லை இந்த ஒரு இடத்தில் மன்னியுங்கள்.) 1980இல் உலக வங்கிக் கடனில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளை மாதாமாதம் நிறுத்தார்கள். எடை சரியாக ஏறாத பிள்ளைக்கு 90 நாள் கூடுதல் உணவு. ஏறிவிட்டால் நிறுத்திவிடுவார்கள், ஏறாவிட்டால் மேலே அனுப்புவார்கள். கோடு கீழே இறங்கினால் ஓட வேண்டியவர் ஊட்டச்சத்துப் பணியாளர். "ஏன்டா உன் எடை குறைஞ்சுது, அவனப் பாரு" என்று பிள்ளையை யாரும் அதட்டியதில்லை. எல்.கே.ஜி. அட்டையில் கோடு இறங்கினால் ஓடுவது யார்? நாலு வயதுப் பிள்ளை, புத்தகப் பையோடு டியூஷனுக்கு. ஒரு பதிவு நியாயமானதா, அநியாயமானதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த சோதனை இது ஒன்றுதான்: அது பெரியவருக்கு வேலை வைக்கிறதா, பிள்ளைக்கு வேலை வைக்கிறதா?

இதில் ஒரு வேடிக்கை. 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம் திட்டத்தில் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வந்து, பார்வை, செவி, வளர்ச்சித் தாமதம் எல்லாம் பார்க்கும். அரசுப் பள்ளிக்கும் அரசு உதவி பெறும் பள்ளிக்கும் ஆண்டுக்கு ஒருமுறை வரும். தனியார் நர்சரி அதன் வரம்பில் இல்லை. ஏழைப் பிள்ளைக்குக் காதைப் பார்க்கிறார்கள். லட்சம் கட்டிச் சேர்த்த பிள்ளைக்கு ரைம்ஸ் ஒப்பிப்பதைப் பார்க்கிறார்கள்.

அட்டையின் அடுத்த பக்கத்தைத் திருப்புங்கள். 'சோஷியல் ஸ்கில்ஸ்.' சொன்ன இடத்தில் உட்காருகிறாள், ஏ. வரிசையில் நிற்கிறாள், ஏ. சத்தம் போடாமல் சாப்பிடுகிறாள், ஏ. நிறையப் பேசுகிறாள், கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறாள், பி. இந்தப் பட்டியலை அப்படியே எடுத்துப்போய் ஒரு சிறைச்சாலையில் மாட்டினாலும் ஒரு வரிகூட மாற்ற வேண்டியிருக்காது. கேள்வி கேட்பதைக் குறையாக எழுதும் ஓர் அட்டையில் பெரியார் படம் மாட்டிய வீட்டு அப்பா கையெழுத்துப் போடுகிறார். என்னால் இதை ஜீரணிக்க முடியவில்லை.

இங்கிலாந்தில் பார்பரா டிஸார்டும் மார்ட்டின் ஹியூஸும் ஏறத்தாழ நாலு வயதுச் சிறுமிகள் 30 பேரின் பேச்சை வீட்டிலும் நர்சரியிலும் பதிவு செய்து 1984இல் புத்தகமாக வெளியிட்டார்கள். வீட்டில் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்ட பிள்ளைகள் பள்ளியில் ஏறக்குறைய வாயே திறக்கவில்லை. தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் அப்படித்தான். டீச்சர்களோ, வீட்டில் பேச்சு இல்லை, அதனால்தான் பிள்ளை இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

நம் ஊரில் இதற்கு இன்னொரு பூட்டு. பீரோவுக்கு அடியில் பூனை குட்டி போட்ட கதையை ஒரு பிள்ளை சொல்கிறது: "மொதக் குட்டிக்குக் கண்ணே தொறக்கல மிஸ். ஆனா அம்மாவ மோந்து பாத்தே கண்டுபிடிச்சிருச்சு." இதில் பார்த்தது இருக்கிறது, வரிசை இருக்கிறது, 'ஆனா' என்று ஒரு முரண் இருக்கிறது, அதிலிருந்து எடுத்த ஒரு முடிவும் இருக்கிறது. விஞ்ஞானி செய்வதும் இதையேதான். பதில்: "டெல் இட் இன் இங்கிலீஷ்." பிள்ளை வாயை மூடிக்கொள்கிறது. அட்டையில் 'கம்யூனிகேஷன்: நீட்ஸ் இம்ப்ரூவ்மெண்ட்'.

உண்மையிலேயே சமூக வளர்ச்சியைக் கவனிக்க வேண்டுமென்றால் கவனிக்க எவ்வளவோ இருக்கிறது. இன்று யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாள்? தள்ளிவிட்டால் "தள்ளாத" என்று சொல்கிறாளா, ஒதுங்கி நிற்கிறாளா? பக்கத்தில் ஒருத்தி அழுதால் என்ன செய்கிறாள்? பன்னிரண்டரைக்கு வேனைவிட்டு இறங்கியதும் பையைக்கூடக் கழற்றாமல் பாத்ரூமுக்கு ஓடுகிறாளே, ஏன்? காலையிலிருந்து அடக்கி வைத்திருக்கிறாள், கேட்கப் பயம். அந்தப் பயத்துக்கு எந்தக் கட்டத்தில் என்ன கிரேடு? ஆண்டுவிழா நடனத்தில் முன்வரிசையில் நிற்பது யார், பின்வரிசைக்குப் போனது யார்? சிவப்பான பிள்ளைகளை முன்னால் நிறுத்தும் பழக்கத்தைப் பெற்றோர் எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை. பின்வரிசைப் பிள்ளை அன்று கற்றுக்கொண்ட சமூகப் பாடம் சாகும் வரை மறக்காது. அங்கே மதிப்பிட வேண்டியது பிள்ளையையா, வரிசை அமைத்தவரையா?

எல்லாவற்றையும் அளந்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு அமெரிக்காவின் பெர்ரி பாலர் பள்ளிக் கதையைச் சொல்ல வேண்டும். 1962இலிருந்து 1967 வரை மிச்சிகன் மாநில இப்சிலாண்டி ஊரில், ஏழைக் கறுப்பினப் பிள்ளைகள் 123 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் நல்ல பாலர் வகுப்பு நடத்தினார்கள். முதலில் அவர்களின் ஐ.க்யூ. ஏறியது. பத்து வயதுக்குள் அந்த ஏற்றம் கரைந்தும் போனது. அன்றைக்கு அட்டை போட்டிருந்தால் 'திட்டம் தோல்வி' என்று எழுதியிருப்பார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு நாற்பது வயதானபோது பார்த்தால், மற்றப் பாதியைவிட இவர்களில் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் அதிகம், வேலையில் இருந்தவர்கள் அதிகம், கைதானவர்கள் குறைவு. வகுப்பில் கிடைத்த ஏதோ ஒன்று அவர்களோடு வந்திருக்கிறது. மதிப்பெண்ணின் கண்ணுக்கு அது படவே இல்லை.

சட்டத்திடம் போகலாமா? 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம், சேர்க்கையின்போது பிள்ளையை வடிகட்டினால் முதல் முறை 25,000 ரூபாய், அடுத்தடுத்து 50,000 ரூபாய் அபராதம் என்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தில் குழந்தை என்றால் 6 முதல் 14 வயது வரை. மூன்று வயதுக்காரர் இன்னும் குழந்தையாகவில்லை. ஒன்றிய அரசின் கல்விக் கொள்கையோடு எனக்கு ஆயிரம் சண்டை உண்டு. அதையொட்டி 2022இல் வந்த அடித்தள நிலைப் பாடத்திட்டச் சட்டகம், இந்த வயதுக்குத் தேர்வு என்பதே பொருந்தாது, உடனிருந்து கவனிப்பதுதான் வழி என்று சொல்வதை மட்டும் மறுக்க முடியாது. சண்டைக்காரன் சொன்னாலும் சரி சரிதான்.

பள்ளிகளை மட்டும் திட்டிப் பயனில்லை. ரேங்க் போடாத நர்சரியை விட்டுவிட்டு, போடும் நர்சரிக்கு முந்தின நாள் இரவே வரிசையில் நிற்பது நாம்தான். அட்டையைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் போடுவதும் நாம்தான்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அட்டையை நீட்டுவார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் மிஸ்ஸிடம் மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள்: "இதை எழுதின பிறகு, என் பிள்ளைக்காக உங்க வகுப்புல எதை மாத்தினீங்க?" அதே கேள்வியை மிஸ் உங்களிடம் திருப்பிக் கேட்டால் அதற்கும் பதில் வைத்திருங்கள். இரண்டு பக்கமும் பதில் இல்லையென்றால் அந்த அட்டையில் கையெழுத்துப் போடாதீர்கள்.